சம்மதம் முழுமையல்ல

விவாகரத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்பதுதான். தொண்டை வறண்டிருந்தால் பெட்டிக்குப் பிடிக்காது. அடுத்தது, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்யாதீர்கள். இன்னொன்று, இரு பக்கத்து அம்மாக்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முதல் இரண்டையும் கேட்டுக்கொள்வார்கள். கடைசியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் சரண்யா. கோவையில் குடும்ப வழக்குகள் மட்டும் பார்க்கிற வக்கீல். நான் படித்தபோது வகுப்புக்கு நாலு சரண்யா இருந்தோம். இப்போது என் பெயரைச் சொன்னால் இளசுகள் பழைய நாணயத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். என் தொழிலுக்கு மூலதனம் சந்தேகம். அழுகிறவரைச் சந்தேகப்படுவேன், அழாதவரை இன்னும் கொஞ்சம் கூடுதலாக. காய்கறிக்காரரிடம்கூட நான் குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

பெட்டி வராத காலத்தில், இருவரும் ஒத்துப் பிரிவது சுலபமாக இருந்தது. சேர்ந்து மனுப் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து நிற்பார்கள். "மனப்பூர்வமாகத்தானா?" என்று நீதிபதி கேட்பார். இருவரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் அடி இருந்ததா, மிரட்டல் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அரசாணையில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு, ஆனால் கேன்டீன்காரர் முதல் நீதிபதி வரை எல்லோருக்கும் அது பெட்டிதான். பேசுகிறவரின் குரலையும் மூச்சையும் கேட்டு, சொல்வதை மனதாரச் சொல்கிறாரா என்று பார்க்கும். மனதாரச் சொன்னால் பச்சை விளக்கு, இல்லையென்றால் மஞ்சள். இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே விளக்கு. மஞ்சள் எரிந்தால் 'சம்மதம் முழுமையல்ல' என்று எழுதுவார்கள். யாருடைய சம்மதம், ஏன் குறைகிறது என்று பெட்டி சொல்லாது. அது அவரவர் அந்தரங்கம் என்று விதி.

இந்த விதியால் பிழைத்தவர்களும் உண்டு, மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. தன்ஷிகா இரண்டாவது வகை என்றுதான் முதலில் நினைத்தேன்.

தன்ஷிகா ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கணவன் நிதிலன், வீடுகளுக்குச் செவி பொருத்தும் நிறுவனத்தில் இருக்கிறான். செவி என்றால் இப்போது எல்லார் வீட்டுக் கூரையிலும் இருக்கிறதே, விளக்கைப் போடு, மோட்டாரை நிறுத்து என்று சொன்னால் கேட்கிற அதேதான். பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் பீளமேடு வீட்டில் இருந்தாள். அவன் வடவள்ளியில் அப்பா அம்மாவோடு. ஆறு வயது மகள் மரகதம் இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். பெண் குழந்தைகளுக்குப் பழைய பெயர்கள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. பார்த்துக்கொண்டே இருங்கள், சரண்யாவும் வரும்.

அவர்கள் போட்டிருந்த ஒப்பந்தத்தைப் படித்ததும் எனக்கு மூக்கு அரித்தது. வீடு அவளுக்கு, நகை அவளுக்கு. அவன் எதற்கும் மல்லுக்கட்டவில்லை. பிள்ளை மட்டும் அவனுக்கு. அவள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பெற்றவள் பிள்ளையைத் தானாக விட்டுக்கொடுத்தால் வெளிநாட்டு வேலையோ வேறு மனிதரோ இருக்கும் என்பது என் அனுபவம். கொஞ்சமும் நாசூக்கில்லாமல் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"அப்படியெல்லாம் எதுவுமில்லீங்க்கா. அவரு நல்லாப் பாத்துக்குவாரு. அவ அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

கோபப்படாதது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வயதுக்கு வந்த பெண், கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நான் என்ன செய்வது? பெட்டி இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

பெட்டி மஞ்சள் காட்டியது.

வெளியே காத்திருந்த இரண்டு அம்மாக்களுக்கும் சேதி போன வேகம் இருக்கிறதே. ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மெஷினே சொல்லிவிட்டது, உள்ளுக்குள் பாசம் இருக்கிறது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தன்ஷிகாவின் அம்மா ஈச்சனாரிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார். நீதிமன்ற ஆலோசகர் பெஞ்சமினுக்கும் முகமெல்லாம் பல். பிரிய வந்தவர்களைச் சேர்த்து அனுப்பினால் அவர் அன்றைக்கு இரண்டு டீ குடிப்பார்.

நிதிலன் மட்டும் அமைதியாக இருந்தான். நல்ல உயரம், நல்ல சட்டை, யாரையும் இடைமறிக்காத பேச்சு. தனக்கு ஒரு தயக்கமும் இல்லை, தன்ஷிகாவுக்குத்தான் இன்னும் அவகாசம் தேவைப்படுகிறது போலிருக்கிறது, அவளை யாரும் அவசரப்படுத்த வேண்டாம் என்று என்னிடம் சொன்னான். அவ்வளவு பதவிசாகப் பேசுகிற ஆண் என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் அரிக்கும். இவன்தான் விட மனமில்லாமல் பிடித்துவைத்திருக்கிறான் என்று முடிவுகட்டினேன். யாருடைய மஞ்சள் என்று தெரிய வேண்டுமானால் தனித்தனியாக உட்கார வைக்கச் சொல்லலாம். இருவரும் ஒப்புக்கொண்டால் விதி அதற்கு இடம் தருகிறது. இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

அவனை வைத்தார்கள். பச்சை. அவளை வைத்தார்கள். அதுவும் பச்சை.

எனக்குத் தலை சுற்றியது. பெஞ்சமினுக்குக் கொஞ்சமும் சுற்றவில்லை.

"இதுல குழப்பம் என்ன மேடம் இருக்கு? தனியா இருந்தா வீம்பு. பக்கத்துல உக்காந்தா உருகிடறாங்க. இன்னும் ஆறு மாசம் கொடுங்க, நானே சேத்து வைக்கிறேன்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம் ஊரில் ஒரு பெண் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து குரல் நடுங்கினால் அதற்குப் பாசம் என்றுதான் பெயர் வைப்பார்கள். நானும் ஒரு நாள் முழுக்க அதை நம்பினேன்.

மறுநாள் நிதிலனின் வக்கீலிடமிருந்து ஒரு யோசனை வந்தது. இருவரையும் வேறு வேறு அறையில் வைத்துக் காணொளியில் சம்மதம் வாங்கிவிட்டால் என்ன? இரண்டு பச்சை, ஒரு தீர்ப்பு, வேலை முடிந்தது. தன்ஷிகாவைக் கேட்டேன். நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே சரி என்றாள். பாசம் உள்ளவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்ல மாட்டாள். இன்னும் ஒன்று: பக்கத்தில் உட்கார்ந்தால்தான் மஞ்சள் வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மாற்றுவழியும் கண்டுபிடித்து அனுப்பியது அவன்.

கையெழுத்து வாங்க அவளை வரச் சொன்ன அன்று பள்ளி விடுமுறை. மரகதத்தையும் கூட்டி வந்திருந்தாள். குழந்தையின் மணிக்கட்டில் நீலப் பட்டை இருந்தது. பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெற்றவர்களுக்குக் காட்டுகிற, கூப்பிட்டால் பேசுகிற பட்டை. என் மேசையில் இருந்த ராகி மால்ட்டை மரகதம் தட்டிவிட்டாள். ஒரு வழக்குக் கட்டு முழுவதும் நனைந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பெற்றவள் விடப்போகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

"மரகதம், தயவுசெய்து அப்படிச் செய்யாதே. அம்மாவுக்கு வருத்தமாக இருக்கிறது" என்றாள் தன்ஷிகா.

நான் அவளை ஏறிட்டுப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். என்னிடம் 'இல்லீங்க்கா' என்று பேசுகிறவள். பெற்ற பிள்ளையிடம் செய்தி வாசிக்கிறாள்.

துணி எடுத்துவர அவள் வெளியே போனதும் மரகதத்திடம் பேச்சுக் கொடுத்தேன். அம்மா எப்போதும் இப்படித்தான் பேசுவாளா என்று கேட்டேன். முன்னெல்லாம் அம்மா நன்றாகத் திட்டுவாளாம். இப்போது விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசுகிறாளாம்.

"அம்மாக்கு என்னைப் புடிக்காமப் போயிருச்சுங்க, அதான் அப்பாகிட்டக் குடுக்கறாங்க" என்றது குழந்தை. அழவில்லை. ஏற்கெனவே முடிந்துபோன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னது.

அந்த நீலப் பட்டை வழியாக யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரகதத்தை என் உதவியாளரிடம் விட்டேன். என் போனையும் அவள் போனையும் மேசை மேல் வைத்துவிட்டு, தன்ஷிகாவின் கையைப் பிடித்து நீதிமன்றத்துக்குப் பின் தெருவில் இருக்கும் மாவு மில்லுக்கு இழுத்துப் போனேன். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எந்தச் செவியும் வேலை செய்யாது.

"இப்பச் சொல்லு கண்ணு. உன்னை என்ன சொல்லி மிரட்டி வெச்சிருக்கான்?"

அவள் அழ ஆரம்பித்தாள். மில்காரர் மிளகாய் நெடி என்று நினைத்து வாசல் பக்கம் நிற்கச் சொன்னார்.

அவள் காதருகே குனிந்து சொன்னது இது. மரகதம் பிறந்த நாளிலிருந்து வீட்டுச் செவி கேட்டதில், அவள் பிள்ளையைத் திட்டியதையெல்லாம் தேடி எடுத்து நிதிலன் ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறான். கொன்னுபோடுவேன், காலை ஒடிச்சிருவேன், கிணத்துல தூக்கிப் போட்டுருவேன், உன்னை விட்டுட்டு எங்கியாச்சும் போயிருவேன். வரிசையாகக் கேட்டால் யாருக்கும் ரத்தம் உறைந்துவிடும். வீட்டை விட்டுப் போவதற்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, முழுவதையும் அவளுக்குப் போட்டுக் காட்டினான். பிள்ளையைக் கேட்டு வழக்காடினால் இது நீதிமன்றத்துக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமைகூட மிஞ்சாது என்றான். குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"ஒத்தையில இருக்கறப்ப, ஞாயித்துக்கெழமையாச்சும் அவ கெடைப்பாளேன்னு மனசத் தேத்திக்குவேன். அது நெசமாலுமே சம்மதந்தானுங்க்கா. அவரு பக்கத்துல வந்து உக்காந்தாத்தான் அன்னிக்குப் போட்டுக் காட்டுனது மறுபடி காதுல ஓடுது."

ஆக அந்த மஞ்சள் பாசம் இல்லை, பயம். ஊரே தேங்காய் உடைக்கக் கிளம்பியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அப்போதே ஒரு வழி தோன்றியது. மனதாரச் சொல்கிறாளா என்று பார்க்கத்தானே பெட்டி? சம்மதத்தைப் பார்க்கிற பெட்டி, வசவையும் பார்க்கட்டுமே. கொன்னுபோடுவேன் என்று நம் வீடுகளில் சொல்லாத தாய் யார்? என் மகனை நான் கொன்றிருக்க வேண்டிய கணக்குக்கு அவன் இன்று கல்யாண வயதில் நிற்கிறான்.

ஆனால் இதைச் சொன்னதும் தன்ஷிகாவின் முகம் வெளுத்தது.

"மத்ததெல்லாம் சும்மா சொன்னதுதானுங்க்கா. ஒரு நாள் மட்டும்... அவ கைக்கொழந்த. ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல, அவ அழுகய நிறுத்தவே இல்ல. உன்னக் கொன்னுபோட்டு நானும் செத்துப்போயிருவேன்னு சொன்னேன். அன்னிக்கு நான் நெசமாச் சொன்னனா, சும்மா சொன்னனான்னு எனக்கே தெரியலைங்க. பெட்டி பச்சை காட்டிருச்சுன்னா?"

காட்டிவிட்டால் பிள்ளை அவளுக்கு ஜன்மத்துக்கும் கிடையாது. அதை அவளிடம் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம், போராடினால் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை, தீர்ப்பாகும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெற அவளுக்கு உரிமை உண்டு என்று சொன்னேன். மகள் என்னிடம் சொன்னதையும் சொன்னேன். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அது நினைத்துக்கொண்டிருப்பதை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பப் பெறலாங்க்கா என்றாள்.

அடுத்த விசாரணையில் சம்மதத்தைத் திரும்பப் பெற்று, பிள்ளையை எங்களிடம் தரச் சொல்லி மனுப் போட்டேன். நிதிலன் ஒரு முறை தன்ஷிகாவைப் பார்த்தான், அவ்வளவுதான். சொன்னபடியே அவன் வக்கீல் பதிவைத் தாக்கல் செய்தார். இப்படிப்பட்ட தாயிடம் ஒரு குழந்தையை எப்படி ஒப்படைப்பது என்று மிகுந்த வேதனையோடு கேட்டார்.

நான் எழுந்து இரண்டே இரண்டு கேட்டேன். நிதிலன் கோத்து எடுத்து வந்தது வேண்டாம், செவியின் சேமிப்பே வேண்டும். பிரிந்து வாழ்வதாகப் பதிவான வீட்டில் அந்தச் சேமிப்பை யாரும் அழிக்க முடியாது, சட்டம் அதைப் பூட்டி வைத்துவிடும். செவி விற்பவனுக்கு இது தெரியாமல் இருக்காது. கேட்டால்தானே வெளியே வரும், கேட்கிற தைரியம் இவளுக்கு வராது என்று கணக்குப் போட்டிருக்கிறான். இரண்டாவது, அதைப் பெட்டி கேட்க வேண்டும். பதிவான குரலைப் பெட்டி கேட்குமா என்று நீதிபதி அம்மா விசாரித்தார். கேட்கும், இதுவரை யாரும் கேட்கச் சொன்னதில்லை என்றார் பெஞ்சமின். அவர் முகத்தில் இப்போது பல் தெரியவில்லை.

நிதிலனின் வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அம்மா நாகர்கோவில்காரர். ஆட்சேபணையைக் கேட்டுக்கொண்டு, செவியின் சேமிப்பையே போடச் சொன்னார்.

கொன்னுபோடுவேன். மஞ்சள். காலை ஒடிச்சிருவேன். மஞ்சள். கிணத்துல போட்டுருவேன். மஞ்சள். ஏழெட்டு வசவு ஆனதும் நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க ஊர்ல இதைவிட மோசமா ஏசுவாங்க" என்றார்.

அறையில் சிரிப்பு எழுந்தது. தன்ஷிகா சிரிக்கவில்லை. அவளுடைய அந்த ஒரு நாள் இன்னும் வரவில்லை. மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது.

அந்த நாள் வந்தது. முதலில் குழந்தையின் அழுகை. அது நீண்டுகொண்டே போனது. பிறகு அவள் குரல்: "எனக்கு முடியலீங்க. கொஞ்சம் வந்து தூக்குங்களேன்." பச்சை. அன்றைக்கு எரிந்த முதல் பச்சை.

பக்கத்து அறையிலிருந்து நிதிலனின் குரல்: "இதோ வர்றேன்மா." மஞ்சள்.

அழுகை தொடர்ந்தது. யாரும் வரவில்லை. பிறகு அவள் அதைச் சொன்னாள், அடிவயிற்றிலிருந்து. பெட்டி உடனே எதுவும் காட்டவில்லை. நான் என் தொழிலில் எத்தனையோ தீர்ப்புக்குக் காத்திருக்கிறேன், இப்படி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்ததில்லை. தன்ஷிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

மஞ்சள்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. நான்தான் காதில் சொன்னேன்.

அவன் கோத்துவைத்த வசவுகள் அதோடு தீர்ந்தன, ஆனால் சேமிப்பு தீரவில்லை. வீட்டை விட்டுப் போவதற்கு முதல் நாளைப் போடச் சொன்னேன். சாப்பாட்டு மேசை, பாத்திரச் சத்தம், அவள் வசவுகளே மறுபடி ஓடுகிற சத்தம். அது நின்றதும் நிதிலனின் குரல் வந்தது, யாரையும் இடைமறிக்காத அதே தணிந்த குரல்: "இது கோர்ட்டுக்குப் போனா, நீ உம் பொண்ண இனிமே போட்டோலதான் பாப்பே."

பெட்டி யோசிக்கவே இல்லை. பச்சை.

நீதிபதி அம்மா கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, வழக்கு முடியும் வரை குழந்தை தாயிடம் இருக்க வேண்டும், மணிக்கட்டுப் பட்டையை இப்போதே கழற்றி நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். வெளியே பாட்டியோடு இருந்த மரகதத்தை உள்ளே அழைத்து வந்ததும், நிதிலன் தானே எழுந்து வந்து பட்டையைக் கழற்றினான். மகளின் தலையைத் தடவிக் கொடுத்தான். அதற்குப் பெட்டி என்ன காட்டியிருக்கும் என்று நான் பார்க்கவில்லை, அதற்குள் அணைத்துவிட்டிருந்தார்கள். வழக்கு முடிய இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அவன் விட்டுவிடுகிற ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசலுக்கு வந்தோம். இரண்டு அம்மாக்களும் பழையபடி எதிரெதிர் மரத்தடியில் நின்றார்கள். நான் ஆட்டோவைக் கூப்பிடத் திரும்பிய நேரத்தில், மரகதம் தாயின் கையை உதறிவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஏய்! ஓடுனியா? காலை ஒடிச்சு அடுப்புல வெச்சுப்போடுவேன், வாடி இங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மரகதம் நின்ற இடத்திலேயே நின்றாள். தன்ஷிகா ஓடிப்போய் அவளை இழுத்துப் பிடித்தாள். பிடித்ததும் முதலில் பார்த்தது பிள்ளையின் மணிக்கட்டைத்தான். அங்கே பட்டை இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது. பிறகு அண்ணாந்து விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள், எதிர்க் கடையின் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தலையை அசைத்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மரகதம் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னொருக்காத் திட்டும்மா" என்றாள்.